மருந்து நிறுத்திய நாளை யார் எண்ணுவது?

கறிக்கோழி என்றதும் பலருக்கும் எழும் பயம் ஹார்மோன் ஊசி. ஐயாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. அந்தப் பயத்தை ஒதுக்கிவிடலாம். கவனிக்க வேண்டியது தண்ணீர்த் தொட்டியை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பெரும்பாலும் அதில் கலந்துதான் கோழிக்குப் போகின்றன. 2014இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் சோதித்த 70 கோழியிறைச்சி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. என்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்தை நிறுத்திவிட்டுக் குறித்த நாட்கள் (நிறுத்தக் காலம்) பொறுத்தால், உடலில் தங்கியது அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். அப்படியானால் எச்சம் பல நேரங்களில் நாள் கணக்கில் நேரும் பிழை. அந்தக் கணக்கு யார் கையில்?

பல்லடம் வட்டாரத்து ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் மருந்தும் ஒப்பந்தம் போடும் கோழி நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோ கணக்கில் அவருக்கு வளர்ப்புக் கூலி. மருந்தைச் சொல்வது சூப்பர்வைசர். கலப்பது பண்ணையிலேயே தங்கியிருக்கும் வேலையாள். அவர் வெளிமாநிலத்தவராக இருந்தால், பாட்டிலில் உள்ள ஆங்கிலமும் புரியாது, சூப்பர்வைசரின் தமிழும் பாதிதான் புரியும். கோழி பிடிக்கும் நாளை முடிவு செய்வதோ விற்பனைப் பிரிவு. விலை ஏறினால் லாரி முன்கூட்டியே வந்து நிற்கும். ஐந்தாவது வாரத்தில் கோழிகள் செத்து விழுந்தால் கூலி குறையும் என்பதால், மருந்தைத் தொடத்தான் தோன்றும்.

மருந்து தாராளமாகக் கிடைப்பதல்லவா மூலகாரணம், வேலை நிர்வாகத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். 2019இல் இந்தியா கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது சரியே. ஆனால் தடை செய்யப்படாத மருந்துக்கும் நிறுத்தக் காலம் உண்டு. ரத்தக்கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கும் நிகார்பசினைப் பாருங்கள்: கடைசி வாரத்தில் மருந்தில்லாத் தீவனம் வந்தாலும், பழைய தீவனத்தைத் தட்டிலிருந்தும் தொட்டியிலிருந்தும் ஒருவர் வழித்தெடுக்காவிட்டால் எச்சம் தொடரும். சட்டத்தால் தட்டைக் கழுவ முடியாது.

இந்த நாள் கணக்கைச் சரியாக வைப்பதைச் சிறு பண்ணை தாங்குமா என்பது அடுத்த கேள்வி. கடைசியாக மருந்து கொடுத்த தேதியையும் கோழி பிடிக்கக்கூடிய தேதியையும் எழுதிய பலகை ஒன்று கொட்டகை வாசலில் போதும். அதன் படம் வராமல் லாரி கிளம்பக் கூடாது. இதில் செலவு அற்பம். உண்மையான செலவு காத்திருக்கும் நாட்களில் இருக்கிறது: அப்போது கோழி தின்னும் தீவனம் விவசாயியின் கணக்கில் ஏறி அவர் கூலியைக் குறைக்கிறது. மருந்துக்காகத் தள்ளிப்போன நாட்களைக் கூலிக் கணக்கிலிருந்து கழிக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். அந்த ஒப்பந்தத்தை எழுதுவது நிறுவனம்தான்.