வரப்பில் தடுமாறும் கால்

மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஓடும் வரப்பு குறுகலானது. வாரி ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, பெண்கள் அந்த வரப்பின் மேல்தான் ஒருவர் பின் ஒருவராக அம்பாரத்துக்குப் போவார்கள். பல வருடம் அப்படி நடந்த ஒரு பெண் "காலு நிக்க மாட்டேங்குது" என்று சொன்னால், வயசாகிவிட்டது என்பார்கள்; முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். கோளாறு கழுத்தில் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. கழுத்து வலித்தால்தானே தோன்ற?

கழுத்தில் ஏழு எலும்புகள். வெறுந்தலையே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற ஜவ்வுத் தட்டுகள். பின்புறக் குழலுக்குள் சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம். அந்தக் குழல் முன்பின்னாகச் சுமார் 17 மி.மீ. அகலம். வயது ஏற ஏற ஜவ்வு வற்றும், எலும்பின் ஓரத்தில் முள் வளரும், தசைநார் தடிக்கும். குழலின் அகலம் 13 மி.மீ.க்குக் கீழே போனால் தண்டுவடம் நெருக்கடிக்குள் சிக்கும். சுமையே தூக்காதவர்களுக்கும் இந்தத் தேய்மானம் உண்டு. ஆனாலும் கானா நாட்டில் ஆராய்ந்தபோது தலைச்சுமைக்காரர்களிடம் அது கூடுதலாகவே தென்பட்டது. 1986இல் வெளியான ஓர் ஆய்வு, கென்யப் பெண்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் சுமந்தாலும் அவர்கள் உடல் கூடுதலாக ஆக்சிஜன் செலவழிப்பதில்லை என்று காட்டியது. வியக்கத்தக்க நடைதான். ஆனால் மூச்சு வாங்கவில்லை என்பதால் கழுத்தெலும்பின் மேல் பாரம் இறங்கவில்லை என்று ஆகாது.

கழுத்து வலி பெரும்பாலும் தசைப்பிடிப்பு. சில வாரங்களில் தணியும். நரம்பின் வேர் நசுங்கினால் வலி ஒரு தோளிலிருந்து விரல் வரை சுள்ளென்று இறங்கும். துடிக்க வைக்கும், அதுவும் பலருக்குத் தானாகவே அடங்கும். தண்டுவடம் நசுங்குவதுதான் சத்தமில்லாமல் வரும். ரவிக்கைக் கொக்கி மாட்ட வராது. கோலமாவு விரலிடுக்கில் சீராக இறங்காது. இரண்டு கையும் மதமதவென்றிருக்கும். கால் விறைக்கும், செருப்பு கழன்றதே தெரியாது. சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. தலை குனிந்தால் முதுகோடு மின்சாரம் பாய்வது போலிருக்கும். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் லெர்மிட் 1924இல் விவரித்த அறிகுறி இது. பி12 சத்துக் குறைவிலும் இது வருவதால், காரணத்தை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

அவர் செய்யும் சோதனைகள் எளியவை. பத்து விநாடியில் கையை இருபது முறையாவது மூடித் திறக்கச் சொல்வார். நடுவிரல் நகத்தைச் சுண்டி, கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்ப்பார். குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். உப்பளத்து வரப்பு அந்தக் கோடேதான். மருத்துவமனை வாசலை மிதிக்கும் முன்பே அந்தப் பெண்ணுக்குச் சோதனை நடந்து முடிந்திருக்கிறது. அதன் முடிவைப் படிக்கத்தான் ஆளில்லை.

இந்த அறிகுறிகள் இருக்கும்போது சுளுக்கு எடுப்பதும், முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்குவதும் ஆபத்து. எம்.ஆர்.ஐ. படம் நெருக்கத்தைக் காட்டிவிடும். அறுவை சிகிச்சை, மேற்கொண்டு கெடாமல் தடுக்கும். இழந்தது முழுவதும் திரும்பும் என்ற உறுதி இல்லை. அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே புதுச்சேரிக்குப் போய்விடலாம், அங்கே ஜிப்மரில் நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் "மூட்டு வலி" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். "வரப்புல தடுமாறுது, கொக்கி மாட்ட முடியல" என்று சொல்லுங்கள். மருத்துவர் மாத்திரைச் சீட்டை ஒதுக்கி வைத்து, சிறு சுத்தியலை எடுத்து முழங்காலில் தட்டிப் பார்ப்பார்.