வீடு சுமக்கும் லொறி

அமெரிக்க எழுத்தாளர் யோன் ஸ்ரைன்பெக் 1960ஆம் ஆண்டிலே லொறியின் மேல் ஒரு சிறு வீட்டை ஏற்றித் தம் நாட்டைச் சுற்றினார். இத்தகைய வீட்டைத் தாங்க லொறியை எங்ஙனம் ஆயத்தஞ் செய்வது?

வீட்டின் நிறை லொறிக்கு விதித்த சுமையை மீறலாகாது. குடிநீரையும் கூட்டுதல் வேண்டும். 100 லீற்றர் நீர் 100 கிலோகிராம் அன்றோ!

அதனினும் நாம் வலியுறுத்துவது புவியீர்ப்பு மையம். அது பின்னச்சுக்குச் சற்று முன்னே விழுதல் வேண்டும். பின்னே விழின், நெம்புகோல் முறையில் முன்சில்லுகளின் பாரங் குறைந்து, சுக்கான் பிடி தளரும். வளைவிலே உயிருக்கே ஆபத்து. தடித்த வில்லுத் தகடுகளைச் சேர்ப்பின் லொறி தாழாது நிற்கும். ஆயின், அச்சும் ரயரும் பிறேக்கும் தாங்கும் அளவு அதனாற் கூடுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் லொறியைக் கண்டு ஏமாறுவோர் பலர்.

வீட்டின் நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டிச் சிறிது தூரம் ஓட்டியபின், கட்டுக்களை மீண்டும் இறுக்குக.