மூன்றாவது பிரதி கப்பலேறியது

1871 மே மாதக் கடைசியில் பாரிஸ் பற்றி எரிந்தது. கம்யூன் கிளர்ச்சி அடக்கப்பட்ட நாட்கள் அவை. பாரிஸ்காரர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இரண்டு பிரதிகளாகத்தான் வைத்திருந்தார்கள். ஒன்று நகரசபையின் வசம், மற்றது நீதிமன்றத்தின் வசம். இரண்டும் ஒரே ஊரில் இருந்ததால் ஒரே தீயில் போயின. சுமார் 80 லட்சம் பதிவுகள்! பிறகு ஆண்டுக்கணக்கில் உழைத்தும் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டெழுத முடிந்தது. புதுமணத் தம்பதிக்கு அரசே ஒரு குடும்பக் கையேடு கொடுத்து, குழந்தை பிறக்கப் பிறக்க அதில் பதிந்து தரும் வழக்கம் அதன் பிறகே பிரான்சில் வேரூன்றியது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் 'லிவ்ரே' என்று பத்திரப்படுத்துவது அதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், தலைநகருக்கு இல்லாத பாதுகாப்பு இந்தக் கடலோர ஊருக்கு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கும் நோட்டரி பத்திரங்களுக்கும் கூடுதலாக ஒரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்று 1776 ஜூனில் பதினாறாம் லூயி ஆணையிட்டார். நம் ஜனங்கள் மேல் கொண்ட பாசமெல்லாம் இல்லை. கடல் கடந்து போன பிரெஞ்சுக்காரர்களின் சொத்தும் வாரிசுரிமையும் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. வெப்பத்துக்கும் பூச்சிக்கும் போருக்கும் அந்தக் காகிதம் தாங்காது என்பதும் தெரிந்திருந்தது. ஆணைக்குப் பதினைந்தே ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1761இல், ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள்.

அப்படிக் கப்பலேறிய பிரதிகள் இன்று தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறாண்டு கடந்த புதுச்சேரிப் பதிவேடுகள் பலவற்றை முத்தியால்பேட்டையில் உட்கார்ந்தபடியே இணையத்தில் காசில்லாமல் புரட்டலாம்.

இந்த ஊரில் பழைய காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். 1962இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம். தாத்தா எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதில்தான் பேரனின் பாஸ்போர்ட் என்ன நிறம் என்பதே இருக்கிறது.

சட்டம் காப்பாற்றாத காகிதங்களின் கதை வேறு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதிவந்தார். 1761 ஜனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். அவருடைய நாட்குறிப்புக்குப் பிரதி எடுக்கச் சொல்லி எந்த ராஜாவும் ஆணையிடவில்லை. 1846இல் கலுவா-மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. அவர் நகல் எடுத்தார். அரியேல் என்ற அதிகாரி எடுத்த நகல் பாரிஸ் தேசிய நூலகம் சேர்ந்தது. பின்னாளில் மூலத்தின் சில பகுதிகள் காணாமல் போயின. 1904 முதல் 1928 வரை சென்னையில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு நகலே ஆதாரம். நகலெடுக்கும் முன்பே தொலைந்த பக்கங்கள் தொலைந்தவைதான்.

காகிதத்துக்கு வரும் ஆபத்து பழங்கதை அல்ல. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய நகராட்சியான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியபோது கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி, ராணுவம் வந்துதான் ஆட்களை மீட்டது. பத்திரமும் அதன் ஜெராக்ஸும் ஒரே பீரோவில், அதுவும் கீழ்த்தட்டில் இருந்தால் பாரிஸ் கதைதான்.

நம்மவர்கள் முதலில் ஜெராக்ஸ் எடுப்பது ஆதாரை. அது தொலைந்தால் திரும்ப வாங்கிவிடலாம். டிஜிலாக்கரில் அரசுத்துறையே நேரடியாக வழங்கும் சான்று அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவது வெறும் படம், அதற்கு அந்த மதிப்பு கிடையாது. பதிவு செய்த கிரயப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். எங்குமே இன்னொரு பிரதி இல்லாதவை வேறு: பதிவு செய்யாத உயில், கடன் புரோநோட்டு, அண்ணன் தம்பி பாகம் பிரித்து எழுதிக்கொண்ட காகிதம், அப்பாவின் கடிதங்கள். முதலில் படமெடுக்க வேண்டியவை இவைதான். படம் அசலாகிவிடாது; உயிலுக்கு நீதிமன்றம் முதலில் அசலைத்தான் கேட்கும். ஆனால் அசல் காணாமல் போனால் வழக்கறிஞரிடம் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டுமே.

படத்தின் ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் மகளிடமோ தங்கையிடமோ போகட்டும். எடுக்கும்போது காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். பதிவு எண், முத்திரை, புரோநோட்டில் வரவு வைத்த கையெழுத்து எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.