உறுமலை அடக்காதீர்கள்

வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்த நாய்க்கு அறுவை சிகிச்சையோடு பாதி வேலைதான் முடிகிறது. மீதி, வாரக்கணக்கில் நீளும் இயன்முறைச் சிகிச்சை. காலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி நாலடி நடத்த வேண்டும். நம்மிடம் பழக்கமான வழி, இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க மூன்றாமவர் காலை இழுப்பது. இரக்கத்தை விட்டுவிடுவோம், சிகிச்சையாகவே இது தேறாது. பயந்த நாய் தசையை இறுக்கிக்கொள்ளும். இறுகிய தசையை மீறி மூட்டை மடக்கினால் வலிக்கும். மறுநாள் கையைப் பார்த்ததுமே அந்த வலி நினைவுக்கு வந்து, நாய் இன்னும் இறுகும். எதிர்ப்பு வலியாலா பயத்தாலா என்று மருத்துவருக்கே பிடிபடாமல் போகும்.

ஆகவே முதலில் வலி குறைய வேண்டும். அதற்காக வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெரிய ஆபத்து: ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். கால்நடை மருத்துவர் தரும் மருந்து, அவர் சொன்ன அளவு, அவ்வளவுதான். பிறகு இடம். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் சறுக்கும் நாய் யாரையும் நம்பாது. ஒரு கோணிச் சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட்டாலே பாதிப் பதற்றம் தணியும். தொடுவதை அடிபட்ட தொடையில் தொடங்கக் கூடாது. தோளில் கை வைத்து, இரண்டு நொடியில் எடுத்து, அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, பிடித்த தீனியையே மறுப்பது எல்லாம் ‘இன்றைக்குப் போதும்’ என்று அது சொல்வதுதான். அங்கே நிறுத்தினால் நாளைக்குத் தொடையருகே போக இடம் கிடைக்கும்.

‘இப்படிக் கொஞ்சிக்கொண்டிருந்தால் மூட்டு இறுகிவிடாதா?’ என்பது நியாயமான கேள்வி. தாமதம் கேடுதான். ஆனால் தள்ளிப்போட முடியாத வேலைக்கு, பதற்றம் குறைக்கும் மருந்தோ மயக்கமருந்தோ கொடுக்க மருத்துவரிடம் வழியுண்டு. அன்றாடப் பயிற்சியைப் பலவந்தத்தால் ஓட்ட முடியாது. உறுமினால் தட்ட வேண்டும் என்பவர்களும் உண்டு. உறுமல் ஓர் எச்சரிக்கை மணி. அடித்து அதை நிறுத்தினால் பயம் போகாது, அடுத்த முறை எச்சரிக்கையில்லாமல் பல் பதியும். வாய்க்கூடு தேவையென்றால், மூச்சிரைக்க இடமுள்ள கூடை வடிவக் கூட்டின் உள்ளே தயிரைத் தடவி, நாயே மூக்கை நுழைக்கப் பழக்கலாம்.

தெருநாய் என்றால் இன்னொரு கவனம். அடிபட்ட அடையாளமே இல்லாமல் பின்னங்கால் செயலிழந்திருந்தால் அது வெறிநோயாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் முன் கை வைக்காதீர்கள். கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி உண்டு. ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும்.

சட்டம் உங்கள் பக்கமும் நாயின் பக்கமும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். ஆகவே பயிற்சி தருபவர் எந்த மருத்துவரின் மேற்பார்வையில் இருக்கிறார் என்று கேளுங்கள். அமுக்கிப் பிடிப்பதைக் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொறுப்பிலிருக்கும் எவரும் விலங்குக்குத் தேவையற்ற வலி நேராமல் காக்க வேண்டும் என்கிறது. கால் இனி வராது என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு தெருவில் விட்டு, பசியிலும் தாகத்திலும் வாட வைப்பது 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இந்தத் தொகை பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது. ஆனால் விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுக்கும்போது பொருந்துமானால் அந்தப் பிரிவையும் எழுதுங்கள்.