கடலை விட்டு வயலுக்குத் திரும்பியவர்



மரணப் படுக்கையில் கிடக்கும் தந்தையின் அருகில் அமர்ந்திருப்பது எந்தப் பிள்ளைக்கும் எளிதானதன்று. ஆயினும் அந்த அமைதியான மணித்தியாலங்களில் இறைவன் சிலருடைய வாழ்வின் திசையையே மாற்றிவிடுகின்றார். 1953 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் இத்தகைய ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அப்படுக்கையருகில் இருந்தவர் 28 வயதுக் கடற்படை அதிகாரி. பின்னாளில் உலகம் அவரை ஜனாதிபதி ஜிம்மி காட்டர் என்று அறிந்துகொண்டது.

காட்டர் 1924 ஒக்டோபர் முதலாம் திகதி பிளெயின்ஸில் பிறந்தார். கச்சான் என்று நாம் அழைக்கும் நிலக்கடலை விளையும் செம்மண் பூமி அது. சிறுவயது முதலே கடற்படையில் சேரவேண்டும் என்பது அவரது கனவு. 1946 இல் கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு ஜூலை மாதம் தமது ஊரைச் சேர்ந்த ரோசலினைக் கரம்பிடித்தார். பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்களில் சேவையாற்றி, அணுசக்தியால் இயங்கும் கப்பல்களை உருவாக்கிய அட்மிரல் ரிக்கோவரின் குழுவுக்கும் தெரிவானார்.

1952 டிசெம்பரில் கனடாவின் சோக் ரிவரிலிருந்த அணு உலையொன்று விபத்துக்குள்ளாகிச் சேதமடைந்தது. அதனைக் கழற்றி அகற்றும் பணிக்கு உதவச் சென்ற அமெரிக்கக் கடற்படையினருள் காட்டரும் ஒருவர். கதிர்வீச்சு மிகுந்த அவ்விடத்தில் ஒருவர் ஏறக்குறைய 90 வினாடிகளே நிற்கலாம். ஆகவே வெளியே மாதிரியொன்றை அமைத்து, எந்த ஆணியை யார் கழற்றுவது என்று முதலில் பயிற்சி பெற்ற பின்னரே உள்ளே இறங்கினர். பணியில் ஒழுங்கும் ஆபத்தில் நிதானமும் வேண்டும் என்பதைக் கடற்படை அவருக்குக் கற்பித்தது. அவர் முன்னே ஒளிமயமான எதிர்காலமும் காத்திருந்தது.

அவ்வேளையில்தான் தந்தையார் புற்றுநோயால் படுத்த படுக்கையானார். விடுப்பில் வந்த மகன் அருகிலிருந்து பார்த்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக அயலவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அந்த மனிதர் தமக்குச் செய்த உதவிகளைக் கண்ணீரோடு சொல்லிச் சென்றனர். அவற்றுள் பல அவரது சொந்தக் குடும்பத்துக்கே தெரியாதவை. மகனின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தாம் கடற்படையில் எவ்வளவு உயர்ந்த பதவியை அடைந்தாலும், இறக்கும் நாளில் இத்தனை பேருடைய வாழ்வைத் தொட்டிருப்போமா? ஜூலை மாதம் தந்தை மறைந்தார். ஒக்டோபரில் மகன் கடற்படையிலிருந்து விலகி ஊர் திரும்பினார்.

இந்தத் தியாகத்தில் ஒரு குறையும் இருந்தது. இம்முடிவை அவர் மனைவியைக் கலந்தாலோசியாமலே எடுத்தார். சிற்றூரைவிட்டு வெளியேறிப் பரந்த உலகைக் கண்டு மகிழ்ந்திருந்த ரோசலினுக்கு இது பெரும் ஏமாற்றம். மூன்று ஆண் குழந்தைகளுடன் ஊர் திரும்பிய அந்த நீண்ட பயணத்தில் அவர் கணவருடன் பேசுவதையே தவிர்த்தார். காட்டர் இதனை ஒருபோதும் மறைக்கவில்லை. மனைவியைக் கேளாமல் முடிவெடுத்தது தமது தவறு என்பதை முதுமையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நன்மையான காரியத்தையும் துணைவியின் மனத்தை மிதித்துச் செய்யலாகாது என்பது அவர் காலந்தாழ்த்திக் கற்ற பாடம்.

ஊரில் காத்திருந்ததும் கடினமான வாழ்வே. குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கான அரசாங்கக் குடியிருப்பிலேயே அவர்கள் தங்கினர். 1954 இல் வரட்சி தாக்கியது. அவ்வாண்டு முழுவதும் உழைத்துக் கிடைத்த இலாபம் 200 டொலரைக்கூட எட்டவில்லை. அவ்வேளையில் ரோசலின் தொழிலின் கணக்குப் புத்தகங்களைக் கையிலெடுத்தார். சிறிது காலத்தில் எதில் இலாபம், எதில் நட்டம் என்பதை கணவரைவிட நன்றாக அறிந்தவர் அவரே என்றாயிற்று. மனைவியின் மௌனத்தோடு தொடங்கிய வாழ்வு மெல்ல மெல்ல இருவரும் சேர்ந்து இழுக்கும் வண்டியாயிற்று.

ஊரின் மனச்சாட்சிக்கும் சோதனை வந்தது. நிறவெறியைப் பாதுகாக்க அமைக்கப்பட்ட வெள்ளையர் சங்கத்தில் சேரும்படி அயலவர்கள் அவரை வற்புறுத்தினர். சந்தாப் பணத்தைத் தாமே கட்டுவதாகவும் கூறினர். காட்டர் மறுத்தார், அதனால் வாடிக்கையாளர் சிலரை இழந்தார். 1965 இல் அவரது பப்டிஸ்ட் ஆலயத்தில், கறுப்பினத்தவரை வழிபாட்டுக்கு அனுமதிப்பதா என்ற வாக்கெடுப்பு நடைபெற்றது. அவர்களைத் தடுக்கலாகாது என்று சபை நடுவே எழுந்து பேசியவர் காட்டர். அவரது குடும்பத்தவரோடு சேர்ந்து வாக்களித்தோர் மிகச் சிலரே.

அவர் குறையற்ற மனிதரல்லர். 1970 இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, நிறவாதிகளின் வாக்கையும் நாடி அவர் நடந்துகொண்ட விதம் விமர்சனத்துக்குள்ளானது. எனினும் 1971 இல் பதவியேற்ற அன்றே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டதென வெளிப்படையாக அறிவித்தார்.

1977 முதல் 1981 வரை அவர் ஜனாதிபதியாக இருந்தார். 1978 இல் காம்ப் டேவிட்டில் 13 நாட்கள் எகிப்தியத் தலைவரையும் இஸ்ரேலியத் தலைவரையும் ஒன்றாக இருத்திச் சமாதானத்துக்கு வழி திறந்தார். 1979 ஒக்டோபர் 6 ஆம் திகதி பாப்பரசர் புனித இரண்டாம் அருள் சின்னப்பரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அம்மாளிகைக்குள் காலடி வைத்த முதலாவது பாப்பரசர் அவரே. ஆனால் ஈரானில் அமெரிக்கர்கள் பணயக் கைதிகளாக்கப்பட்ட நெருக்கடியும் பொருளாதாரச் சிக்கல்களும் சேர்ந்து 1980 தேர்தலில் அவரைத் தோற்கடித்தன.

56 வயதில் மீண்டும் பிளெயின்ஸ். வியாபாரமோ பெருங்கடனில் மூழ்கிக் கிடந்தது. உலகின் உச்சியிலிருந்து இறங்கிய ஒருவர் கசப்போடு முடங்கிக்கொள்ளலாம். காட்டர் தம்பதியர் அவ்வாறு செய்யவில்லை. 1982 இல் காட்டர் நிலையத்தை நிறுவினர். தூய குடிநீரின்மையால் பரவும் நரம்புச் சிலந்தி நோய் 1986 இல் ஏறக்குறைய 35 இலட்சம் மக்களை வாட்டியது. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நீரைத் துணியால் வடித்துப் பருகவும், நோயாளி குளத்தில் இறங்காதிருக்கவும் கிராமம் கிராமமாகக் கற்பிப்பதொன்றே வழி. அப்பணியின் பயனாக 2023 இல் பதிவான நோயாளிகள் 14 பேர் மட்டுமே. ரோசலின் தமது பங்குக்கு உளநோயாளர்களுக்காகவும், நோயுற்றோரை வீட்டில் பராமரிக்கும் குடும்பத்தவர்களுக்காகவும் உழைத்தார்.

1984 முதல் இருவரும் ஏழைகளுக்கு வீடு கட்டும் தொண்டர்களோடு இணைந்து, ஆண்டுதோறும் ஒரு வாரம் சுத்தியலும் வாளும் பிடித்து வேலை செய்தனர். அம்முயற்சியால் 14 நாடுகளில் 4000 க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டும் திருத்தப்பட்டும் உள்ளன. 2002 இல் நொபெல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆயினும் ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் சிற்றாலயத்தில் மறைக்கல்வி கற்பிப்பதை அவர் கைவிடவில்லை. 2019 ஒக்டோபரில், 95 வயதில், வீட்டில் தவறி விழுந்து நெற்றியில் 14 தையல்கள் போடப்பட்டன. அன்று மாலையே கண்ணைச் சுற்றிக் கருமையேறிய முகத்தோடு வீடமைப்புத் தொண்டர்கள் முன் வந்து நின்றார்.

இல்லறத்தின் இரகசியம் மிக எளியது. இரவில் உறங்குமுன் இருவரும் விவிலியத்தில் ஒரு பகுதியை வாசிப்பர். அதனையே ஸ்பானிய மொழியைப் பழகும் சந்தர்ப்பமாகவும் ஆக்கிக்கொண்டனர். கருத்து வேறுபாடுகள் அவர்களிடையே இருந்தன. ஆனால் கோபத்தோடு உறங்குவதில்லை என்பதில் இருவரும் உறுதியாயிருந்தனர்.

2023 நவம்பர் 19 ஆம் திகதி ரோசலின் தமது 96 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். 77 ஆண்டுகள் நீடித்த திருமண வாழ்வு அது. ஒன்பது மாதங்களாக வீட்டிலேயே அந்திமகாலப் பராமரிப்பில் இருந்த காட்டர், சக்கர நாற்காலியில் வந்து மனைவிக்கு விடைகொடுத்தார். 2024 டிசெம்பர் 29 ஆம் திகதி, 100 வயதில் அவரும் கண்மூடினார். அவரது உடலைத் தாங்கிய ஊர்தி சிறுவயதில் அவர் வாழ்ந்த பண்ணையின் முன் நின்றபோது, 39 ஆவது ஜனாதிபதியான அவருக்காகப் பண்ணை மணி 39 தடவைகள் ஒலித்தது. 2025 ஜனவரி 9 ஆம் திகதி தமது வீட்டு நிலத்திலேயே, மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். இன்றும் கடலுக்கடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அவரது பெயரைத் தாங்கிச் செல்கின்றது.

அன்பானவர்களே, வலைகளை விட்டுவிட்டு ஆண்டவரைப் பின்தொடர்ந்த சீடர்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறோம். எல்லோரும் தொலைதூரத்துக்கு அழைக்கப்படுவதில்லை. சிலருக்கு அவரது அழைப்பு, வீட்டுக்குத் திரும்பிப் போ என்பதாகவே இருக்கின்றது. நாசரேத்து என்னும் சிற்றூரில் முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த நம் ஆண்டவருக்கு அவ்வாழ்வின் மதிப்பு தெரியும்.

நாளை நம் படுக்கையருகில் வந்து நிற்போர் யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுவார்கள்? நமது பதவியையா, அல்லது நாம் யாருக்கும் சொல்லாமல் செய்த உதவியையா? இன்றிரவு உறங்குமுன் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து விவிலியத்தில் ஒரு பகுதியை வாசியுங்கள். அன்று மனம் நோகப் பேசியிருந்தால், விளக்கை அணைக்கும் முன் மன்னிப்புக் கேளுங்கள். எஞ்சியதை இறைவன் பார்த்துக்கொள்வார்.