பொது நிலம் – 9: 39 என்ற எண்

நிலத்தடி உரிமை யாருடையது, ஏலம் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டது. இடையில் விட்டவர்களுக்காக ஒரே ஒரு வரி: அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம்., 24.5 கோடி ஏக்கர் மேற்பரப்பையும் சுமார் 70 கோடி ஏக்கர் நிலத்தடிக் கனிம உரிமையையும் நிர்வகிக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க அதைத் துண்டு துண்டாகப் பத்தாண்டுக் குத்தகைக்கு ஏலம் விடுகிறது. கிணறு லாபமாக ஓடும்வரை குத்தகையும் ஓடும்.

இந்த வாரம் வயோமிங் மாநிலத்தில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கின் வலசைப் பாதை என்று சொல்லியிருந்தேன். அதற்காக பைன்டேல் எரிவாயு வயல் பற்றிய ஆவணங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் எண்ணில் நின்றுவிட்டேன். 39. அது டெசிபல் கணக்கு. அந்த ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால், குத்தகைப் பத்திரத்தில் ‘வனவிலங்குப் பாதுகாப்பு நிபந்தனை’ என்று எழுதப்படுவது எப்போது காக்கும், எப்போது காக்காது என்பது விளங்கிவிடும். ஆகவே பிராங்ஹார்ன் சற்றுக் காத்திருக்கட்டும்.

பைன்டேலைச் சுற்றிக் கடல் மட்டத்தில் இருந்து 2,000 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கிறது சேஜ் புதர்வெளி. மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. சாம்பல் பூத்த பச்சையில் முழங்காலுயரப் புதர்கள், அடிவானம் வரை. இந்தப் புதரை நம்பியே உயிர் வாழும் பறவை சேஜ் கிரவுஸ். சேவல் 3 கிலோ வரை வளரும். பேடை அதில் பாதி. குளிர்காலம் முழுக்க சேஜ் இலை ஒன்றுதான் இதற்கு இரை. தானியம் தின்னும் கோழிகளுக்கு இருக்கும் வலுவான அரைப்பை இதற்கு இல்லை. ஆனாலும் மற்ற உயிர்கள் மெலியும் பனிக்காலத்தில் இது எடை கூடும். வேறு எந்த வெளிக்கும் இடம் மாற்றிவிட முடியாத பறவை. புதர் போனால் இதுவும் போகும். ஒரு காலத்தில் வாழ்ந்த பரப்பில் ஏறக்குறையப் பாதியை ஏற்கெனவே இழந்துவிட்டது.

மார்ச் பிறந்ததும் சேவல்கள் விடியலுக்கு முன்பே ஒரு வெட்டவெளியில் கூடுகின்றன. பறவையியலார் இதை லெக் என்பார்கள்; நான் ஆடுகளம் என்றே எழுதுகிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரே களம்தான். சேவலின் மார்பில் இரண்டு மஞ்சள் காற்றுப் பைகள் உண்டு. அவற்றை உப்பவைத்து, கூரிய வால் இறகுகளை விசிறியாக விரித்து, இரண்டடி முன்னே வைக்கும். சிறகு மார்பிறகில் உரசி ஒரு ‘சரக்’. அடுத்து மென்மையான கூவல். கடைசியில் பெரிய நீர்க்குமிழி உடைவது போல இரண்டு ‘பொளக்’, அவற்றுக்கு நடுவே ஒரு சீழ்க்கை. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு மறுபடியும், மறுபடியும், வெயில் ஏறும் வரை. பேடைகள் சத்தமில்லாமல் இடையே நடந்து, பார்த்து, கேட்டு, தேர்ந்தெடுக்கின்றன. ஒரு களத்தில் நடக்கும் இணைசேர்க்கையில் பெரும்பகுதி ஓரிரு சேவல்களுக்கே வாய்க்கிறது. அவ்வளவு கறாரான தேர்வு, அதில் பாதி காதால் நடக்கும் தேர்வு.

இந்த ஒலிகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலிகள். துளையிடும் ரிக்கின் டீசல் என்ஜின், கம்ப்ரசர், கனரக லாரி ஆகியவற்றின் இரைச்சலும் அதே தாழ்ந்த பகுதியில்தான் குவிகிறது.

பைன்டேல் வயலில் 2000ஆம் ஆண்டு 700 கிணற்றுத் தளங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2008இல் அனுமதி 4,399 கிணறுகளாகப் பெருகியது. இடைப்பட்ட காலத்தில் மேத்யூ ஹாலரன் என்ற ஆய்வாளர் அங்குள்ள ஆடுகளங்களை ஆண்டுதோறும் எண்ணி, 2005இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டைத் தந்தார். ரிக் நிற்கும் இடத்தில் இருந்து 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த களங்களில் சேவல்கள் குறைந்திருந்தன. அப்போது பி.எல்.எம். வழக்கமாக விதித்துவந்த தடை வளையமோ கால் மைல், அதாவது 400 மீட்டர்.

குறைந்தது தெரிந்தது. எதனால் என்பதுதான் தெரியவில்லை. கிணறு வந்தால் கூடவே எல்லாம் வருகிறது: சாலை, தூசு, வேலி, கழுகு உட்கார்ந்து வேவு பார்க்க உயரமான கம்பம், துண்டாடப்பட்ட புதர்வெளி. இத்தனையில் எது குற்றவாளி? நிறுவனங்கள் எழுப்பிய கேள்வியும் அதுதான். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் கண்டுபிடித்த விதம்தான் இந்த வாரம் என்னைக் கட்டிப்போட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கெயில் பாட்ரிசெல்லி, அவருடைய மாணவி ஜெசிகா பிளிக்லி, டயான் பிளாக்வுட் மூவரும் வயோமிங்கின் ஃப்ரீமான்ட் மாவட்டத்தில் கிணறுகளின் தொந்தரவு இல்லாத 16 ஆடுகளங்களைத் தேர்ந்தார்கள். எட்டு களங்களில் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். நான்கு களங்களுக்கு ரிக் ஓடும் சத்தம், நான்கு களங்களுக்கு வயல் சாலையில் போய்வரும் வாகனச் சத்தம். மற்ற எட்டும் ஒப்பிட்டுப் பார்க்க, சத்தமின்றி. 2006 முதல் 2008 வரை மூன்று இனப்பெருக்கப் பருவங்கள். ரிக் இல்லை, லாரி இல்லை, தூசு இல்லை, கம்பம் இல்லை. சத்தம் மட்டும்.

ரிக் சத்தம் கேட்ட களங்களில், ஒப்பீட்டுக் களங்களைவிடச் சேவல் வரத்து 29 சதவீதம் குறைந்தது. சாலைச் சத்தம் கேட்ட களங்களில் 73 சதவீதம்.

விட்டு விட்டு வரும் லாரிச் சத்தம், ஓயாமல் இரையும் ரிக்கைவிட மோசம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. துளையிடும் வேலை என்றாவது முடியும். ரிக்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கிணறு ஓடும் பல பத்தாண்டுகளுக்கும் சாலை இருக்கும், வண்டி வந்துபோகும். துளையிடும் காலத்தை மட்டும் குறிவைக்கும் நிபந்தனை, பெரிய தொல்லையைத் தொடாமலே விட்டுவிடுகிறது.

களத்தை விட்டுப் போகாமல் நின்ற சேவல்களின் எச்சத்தையும் சேகரித்துச் சோதித்தார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் கழிவுகள் சத்தக் களங்களில் சராசரியாக 16.7 சதவீதம் அதிகம். நின்றவை பழகிவிட்டதால் நிற்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சோதனை முடிந்து ஒலிபெருக்கிகளை எடுத்த மறுவருடம், பாதிப்பு நீடித்ததற்கு வலுவான சான்று இல்லை. சத்தத்தை நிறுத்தினால் களம் மீள வழி இருக்கிறது. சத்தத்தைக் கட்டுப்படுத்தும் விதி சரியாக இருந்தால் அதற்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

இதே பாட்ரிசெல்லி, பேடையின் தோலும் இறகும் போர்த்திய ஓர் இயந்திரப் பேடையைச் செய்து, பொம்மை ரயில் தண்டவாளத்தில் ஆடுகளத்துக்குள் ஓடவிட்டவர். சேவல்கள் அதை நம்பி அதன் முன் ஆடின. பேடை நெருங்கும்போது ஆட்டத்தைக் கூட்டி, விலகும்போது சக்தியைச் சேமிக்கத் தெரிந்த சேவல்களே நிஜப் பேடைகளிடமும் வெற்றி பெற்றன. குத்தகைக் கதைக்கு இது நேரடித் தொடர்பில்லை. ஆனால் அந்தக் களத்தில் நடப்பது எவ்வளவு நுட்பமான பேச்சுவார்த்தை, அதில் குறுக்கிடும் ஓசை எதைக் கெடுக்கிறது என்பது இதைப் படித்த பிறகே எனக்கு முழுதாக உறைத்தது.

இனி 39.

வயோமிங் மாநில அரசு 2008இல், ஆளுநர் டேவ் ஃப்ராய்டன்தால் காலத்தில், இந்தப் பறவைக்கென்று முக்கிய வாழிடங்களை வரையறுத்தது. அந்த ஏற்பாட்டில் பின்னர் வந்த ஆணைகளில் ஒரு சத்த விதி உண்டு: மார்ச் 1 முதல் மே 15 வரை, மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை, ஆடுகளத்தின் விளிம்பில் கேட்கும் புதுச் சத்தம், அந்த இடத்தின் இயல்பான ஓசையைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. படித்தால் நல்ல விதி. ஆனால் ‘இயல்பான ஓசை’ எவ்வளவு? பைன்டேல் அனுமதி ஆவணம் அதை 39 டெசிபல் என்று வைத்துக்கொண்டது. 39உடன் 10. ஆக, 49 வரை சத்தம் போடலாம்.

தொந்தரவற்ற சேஜ் வெளியில், விடியலுக்கு முன், காற்றடங்கிய வேளையில் இயல்பான ஓசை 16 முதல் 20 டெசிபல் என்று எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பாட்ரிசெல்லி குழு 2013இல் எழுதியது. மனிதர் கிசுகிசுப்பதே ஏறக்குறைய 30 டெசிபல். அதைவிடவும் அமைதியான இடம் அது.

டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1,000 மடங்கு. இயல்பு 19 உள்ள இடத்தில் 49ஐ அனுமதித்தால், பத்து மடங்கில் நிறுத்தவேண்டிய ஆற்றலை ஆயிரம் மடங்குக்கு விட்டதாகிறது. விதியின் வாசகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. யாரும் விதியை மீறவும் இல்லை. நிறுவனம் 48 டெசிபலில் கம்ப்ரசரை ஓட்டி, நிபந்தனைகளை முழுமையாகக் கடைப்பிடித்ததாக அறிக்கை தரலாம். பறவை போய்விடும்.

இந்தத் தொடரில் ‘நிபந்தனைப் பத்தியைப் படியுங்கள்’ என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதனால்தான். வழக்கும் போராட்டமும் கண்ணில் படுகின்றன. பறவையின் கதி தீர்மானமாவது, எங்கோ ஒரு பின்னிணைப்பில் இருக்கும் எண்ணில்.

சரி, எண் தவறு என்று தெரிந்தபின் திருத்தலாமே என்று தோன்றும். ஏலம் முடிந்துவிட்டால் அது அத்தனை எளிதில்லை. குத்தகை ஓர் ஒப்பந்தம். ‘செல்லுபடியாகும் முன்னுரிமைகளுக்கு உட்பட்டு’ என்ற வாசகம் இல்லாத நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. புதிய பாதுகாப்பு எதுவானாலும் பழைய குத்தகைதாரரின் உரிமைக்கு அடுத்துதான். பத்திரத்தில் எழுதாத நிபந்தனையை அதிகாரி பின்னால் எந்த அளவு சுமத்தலாம் என்பதற்கும் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. கிணற்றை 200 மீட்டர் வரை தள்ளி வைக்கச் சொல்லலாம். வேலையை ஆண்டுக்கு 60 நாள் வரை தள்ளிப்போடச் சொல்லலாம். அதுவரை ‘நியாயமான நடவடிக்கை’ என்று ஐயமின்றி ஏற்கப்பட்டது.

ஹாலரன் கண்ட பாதிப்பு எட்டிய தூரம் 5,000 மீட்டர். அந்த விதிப்படி கேள்வி கேட்காமல் நகர்த்த முடிந்தது 200 மீட்டர். மார்ச் 1 முதல் மே 15 வரை 76 நாள். நிறுத்திவைக்க முடிந்தது 60 நாள். ஆகவே அதிகாரிக்கு மனம் இருந்தாலும், பத்திரத்தில் இடம் இல்லாவிட்டால் கை கட்டப்பட்டுவிடும். பறவையைக் காக்கும் தருணம் ஏலத்துக்கு முன்புதான்: எந்தத் துண்டை ஏலத்துக்கு விடுவது, எதை விடாமல் வைப்பது, விடும் துண்டின் பத்திரத்தில் எந்த எண்ணை எழுதுவது.

அதனால்தான் ஆட்சேபம் சொல்லும் காலம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொதுமக்கள் ஆட்சேபிக்க இருந்த 30 நாளை பி.எல்.எம். 2018இல் ஓர் உள்சுற்றறிக்கை மூலம் 10 நாளாகக் குறைத்தது. நூற்றுக்கணக்கான துண்டுகளின் வரைபடத்தை ஆடுகளங்களின் வரைபடத்தோடு ஒப்பிட 10 நாள் யாருக்குப் போதும்? ஐடஹோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அந்தச் சுருக்கலைச் சட்டவிரோதம் என்றது. அந்த வழக்குக்குத் தனி அத்தியாயம் தரவேண்டும், தருவேன்.

அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதாதா என்று பல வாசகர்கள் கேட்கிறார்கள். சேர்க்கத் தகுதி உண்டு, ஆனால் அதைவிட அவசரமான உயிரினங்கள் வரிசையில் உள்ளன என்று 2010இல் அரசு சொன்னது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் நிதி மசோதாவில் ஒரு வரியைச் செருகி, இந்தப் பறவையைப் பட்டியலில் சேர்க்கும் விதியை எழுதப் பணம் செலவிடக்கூடாது என்றது. அதன்பின் 2015 செப்டம்பரில், மேற்கு மாநிலங்களின் நிலத் திட்டங்கள் திருத்தப்பட்டதைக் காரணம் காட்டி, பட்டியல் தேவையில்லை என்று அப்போதைய உள்துறைச் செயலர் சாலி ஜுவல் அறிவித்தார். ஆக, பட்டியல் தரவேண்டிய பாதுகாப்பு முழுவதையும் நிலத் திட்டங்களும் குத்தகை நிபந்தனைகளும் சுமக்கின்றன. 2019இல் அரசு அந்தத் திட்டங்களைத் தளர்த்த முயன்றபோது, அதே ஆண்டு அக்டோபரில் ஐடஹோ நீதிபதி லின் வின்மில் தடை போட்டார். சுமக்கிற தூணையே அசைக்கிறார்கள் என்ற கவலை அந்த வழக்கின் மையத்தில் இருந்தது.

பிராங்ஹார்னுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கிராண்ட் டீட்டன் பூங்காவில் இருந்து கிரீன் ஆற்றின் மேல்படுகைக்குச் செல்லும் அந்த வலசைப் பாதையில் வனத்துறையின் நிலத்தில் வரும் பகுதி 2008இல் அதிகாரபூர்வமாகப் பாதுகாக்கப்பட்டது. பி.எல்.எம். நிலத்தில் வரும் பகுதிக்கு அந்த அறிவிப்பு கிடைக்கவில்லை. வலசைப் பாதைகளைக் காக்கவேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உள்துறைச் செயலர் ரையன் ஜிங்கி ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டில் பைன்டேலுக்குத் தெற்கே 3,500 கிணறுகள் கொண்ட இன்னொரு திட்டத்துக்கு அதே அமைச்சகம் அனுமதி தந்தது. அந்த இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த வாரம் படிப்போம். டிராப்பர்ஸ் பாயின்ட் என்ற குறுகலான கணவாயில் ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் பிராங்ஹார்ன் வேட்டையாடியதற்குக் கிடைத்த எலும்புகளும், இன்று அதே இடத்தில் நெடுஞ்சாலைக்கு மேல் விலங்குகளுக்காகக் கட்டிய பாலமும் அதில் வரும்.

(தொடரும்)