முகம் பார்க்கவா லாப்டாப்?

பட்டுப் புடவை எடுக்கப் போகிறீர்கள். கடைக்காரர் பளீரென்ற விளக்கின் கீழ் விரித்துக் காட்டுகிறார். உடனே தலையாட்டி விடுகிறீர்களா? இல்லையே! முந்தானையை வாசல் வரை கொண்டு போய், பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்த பிறகுதானே பணத்தை எண்ணுகிறீர்கள்? லாப்டாப் வாங்கும்போது மட்டும் அந்தச் சாமர்த்தியம் எங்கே போய் விடுகிறது?

லாப்டாப் திரையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கண்ணாடி போலப் பளபளக்கும் ‘கிளாஸி’. மற்றொன்று பளபளப்பில்லாத ‘மேட்’. இதையே ‘ஆன்டி கிளேர்’ என்றும் சொல்லுவார்கள். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிளாஸிதான் மனத்தைக் கவரும். சிவப்பு ரத்தச் சிவப்பாகவும், கறுப்பு மை போலவும் தெரியும். மேட் பாவம், சோகையாகத் தோன்றும். ஆனால் நீங்கள் வேலை செய்யப் போவது கடையில் அல்லவே!

கிளாஸி திரையின் சூட்சுமம் இதுதான். அதன் மேற்பரப்பு வழவழப்பானது. உள்ளேயிருந்து வரும் வெளிச்சம் சிதறாமல் அப்படியே நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. அதே சமயம், வெளியிலிருந்து அதன் மேல் விழும் வெளிச்சமும் சிதறாமல் திரும்பி வருகிறது. சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு இப்படிச் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ‘பூ, இவ்வளவுதானா?’ என்கிறீர்களா? உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் வெயில் பட்ட வெள்ளை மேகம் தெரிந்தால், அதன் 4 சதவீதமே சாமானிய லாப்டாப்பின் சொந்த வெளிச்சத்தோடு மல்லுக்கு நிற்கப் போதும்!

மேட் திரை, குளியலறை ஜன்னலுக்குப் போடும் சொரசொரப்புக் கண்ணாடிக்கு உறவு. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. டியூப் லைட் குச்சியாகத் தெரியாமல், வெறும் புகையாகத் தெரியும். நஷ்டமும் உண்டு. கறுப்பு சற்றுச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். வெள்ளைப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் மிக மெல்லிய மணல் தூவியது போலத் தோன்றும்.

அப்படியானால் எதை வாங்குவது? என்னைக் கேட்டால், உட்காரும் இடம் உங்கள் வசத்தில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ராத்திரி விளக்கைத் தணித்து வைத்துக் கொண்டு சினிமா பார்ப்பவருக்கும், திரைச்சீலை போட்ட தனி அறையில் புகைப்படங்களைச் சீர் செய்பவருக்கும் கிளாஸி ஒரு விருந்து.

ஆனால் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் பெண்களில் எத்தனை பேருக்குத் தனி அறை வாய்க்கிறது? ஒரு மேஜை கணவருக்கு; இன்னொன்று பிள்ளையின் பாடத்துக்கு. மிச்சமிருப்பது சாப்பாட்டு மேஜையின் ஓரம். அங்கே ஜன்னலையும் நகர்த்த முடியாது, டியூப் லைட்டையும் நகர்த்த முடியாது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எட்டு மணி நேரம் கணக்குப் பார்த்தால் சாயங்காலம் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்களுக்கு மேட் திரைதான் தோழி.

மேட் திரை என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அது வீண் பழி. விலை குறைந்த பல லாப்டாப்களில் மேட் பூச்சின் அடியில் இருக்கும் திரையே சுமார் ரகம். விவரப் பட்டியலில் ‘250 நிட்ஸ், 45 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ என்றிருந்தால் வெளிச்சமும் நிறமும் குறைவு என்று பொருள். ‘300 நிட்ஸ்’ அல்லது அதற்கு மேலும், ‘100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.’ என்றும் இருந்தால், மேட் திரையிலும் நிறம் நன்றாகவே இருக்கும். விரலால் தொட்டு இயக்கும் திரைகளும், ஓலெட் திரைகளும் பெரும்பாலும் கிளாஸிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிய கம்பெனிகளே இந்த விஷயத்தில் மனம் மாறியதுண்டு. 2012-இல் ஆப்பிள் கொண்டு வந்த ரெடினா திரை மாக்புக் புரோவில் மேட் திரைக்கு இடமே இல்லை. 2024-இல் அதே கம்பெனி, கூசாத ‘நானோ டெக்ஸ்சர்’ திரையைக் கூடுதல் விலைக்கு மாக்புக் புரோவில் கொடுக்க ஆரம்பித்தது!

கடையில் ஒரு சின்னப் பரீட்சை செய்யுங்கள். லாப்டாப்பை அணைக்கச் சொல்லுங்கள். கூரை விளக்கு திரையில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். விளக்கு அச்சாகத் தெரிந்தால் கிளாஸி. கரைந்து தெரிந்தால் மேட். பிறகு போடச் சொல்லி, கறுப்பு நிறம் மிகுந்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். படம் முதலில் தெரிகிறதா, உங்கள் முகம் முதலில் தெரிகிறதா?

ஏற்கெனவே கிளாஸி வாங்கி விட்டீர்களா? கவலை வேண்டாம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். கறுப்புப் பின்னணியை விட்டு வெள்ளைப் பின்னணிக்கு மாறுங்கள். பிரதிபலிப்பு அமுங்கி விடும். உங்கள் வெள்ளைப் புடவைகூடத் திரையில் வந்து நிற்கும். அடர்ந்த நிறம் உடுத்தினால் தொல்லை குறையும். அதுவும் போதாவிட்டால் மேட் பிலிம் வாங்கி ஒட்டலாம். மேட் திரையைக் கிளாஸியாக்குவதுதான் சுலபமல்ல.

ஒன்று மட்டும் நிச்சயம். எந்தத் திரையும் கண்ணுக்கு மருந்தல்ல. திரையையே வெறித்துப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள் என்கிறார்கள் கண் டாக்டர்கள். எதிர் வீட்டு வேப்ப மரத்தைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முகம் பார்த்துப் பொட்டு வைத்துக் கொள்ள வீட்டில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. அந்த வேலைக்கு லாப்டாப் எதற்கு?